மேஸ்திரியம்மா வாயில் போட்ட பாக்கு

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நிறுத்தியதுகூட நான் இல்லை, இரண்டு எருமைகள். அவற்றை மேய்க்க ஆளில்லை என்று என் நைனா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனார். அப்படிப்பட்டவன் இந்த உத்திரமேரூர் பக்கத்தில் என்னென்ன செய்திருக்கிறேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் பாறை, ஒன்றும் தேறாது என்று நாலு பேர் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டினேன். ஐம்பதாவது அடியில் தண்ணீர் பீறிட்டு, வெட்டிய ஆட்களே நனைந்துபோய் மேலே ஏறினார்கள். மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்புகிற களர் நிலம் மூன்று ஏக்கரை வாங்கி நெல் விளைய வைத்தேன். எங்கள் ஊரில் முதல் மோட்டார் பம்பு என்னுடையது. முதல் ரைஸ் மில்லும் என்னுடையதுதான். பள்ளிக்கூடத்துக்கு மதில் கட்டிக் கொடுத்தேன். உள்ளே உட்கார்ந்து படிக்கக் கொடுத்துவைக்காதவன் வெளியே நின்று கட்டிய மதில் அது; இன்றுவரை ஒரு செங்கல் அசையவில்லை.

போன வருடம் எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர் ஊரின் கதையைப் புத்தகமாகப் போட்டார். நல்ல மனிதர், உழைத்து எழுதியிருக்கிறார். கிணறு இருக்கிறது, மில் இருக்கிறது, மதிலுக்குப் போட்டோவே இருக்கிறது. எல்லாம் சரிதான் என்று பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு வரி வந்தது. ‘இவ்வூரில் நடவுக்கு ஆள் அழைக்கும்போது மேஸ்திரியின் கையில் மஞ்சள் கொம்பு வைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம்.’

தொன்றுதொட்டாம்! எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வழக்கம் என் மில்லில் நெல் அரைக்கும் இரண்டாவது ஹல்லர் மிஷினைவிட இளையது. அது எப்படி வந்தது, யாரால் வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டும் என்றால் மேஸ்திரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் நடவு மேஸ்திரி. இருபத்திரண்டு பெண்கள் அவர் கூட்டத்தில் இருந்தார்கள். காவாந்தண்டலத்தில் பிறந்து, எங்கள் ஊர்க் காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர். ஆள் மெலிசு. குரல் மட்டும் மெலிசு இல்லை. மதகடியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் மூன்றாவது வயலில் குனிந்திருப்பவள் நிமிர்ந்து பார்ப்பாள். “இன்னாடி, நாத்து நடறியா, கோலம் போடறியா? சீக்கிரம் காலெடுத்து வையி!” இந்தச் சத்தத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம் வரும். கடக் என்று கொட்டைப்பாக்கை அவர் பல்லால் உடைக்கிற சத்தம். பாக்குவெட்டியெல்லாம் கிடையாது. புகையிலையும் போடமாட்டார்.

“பொகயில போடறவதான் கெட்டுப்போவா. நான் வெறும் பாக்குதான போடறேன்? இது சாமித் தட்டுல வெக்கறதுபா” என்பார்.

நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவரை நான் முதலில் பார்த்தது எழுபதுகளின் தொடக்கத்தில், அந்தக் களர் நிலத்தை வாங்கிய வருடம். நாற்று தயார், ஏரித் தண்ணீர் வந்தாயிற்று, ஆள்தான் இல்லை. மதகு திறந்தால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நடவு, ஆளுக்கு அடிபிடி. நான் சைக்கிளில் உட்கார்ந்தபடியே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வரப்பில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன்.

“ஏம்மா, நாளைக்கு நம்ம கொல்லிக்கு நட ஆளுங்கள இட்டுகினு வா.”

அவர் திரும்பவே இல்லை. பக்கத்தில் இருந்தவளிடம், “யாரோ மாட்டக் கூப்பிடறாங்க பாருடி” என்றார்.

இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. இறங்கினேன். பெட்டிக்கடைக்குப் போய் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். கொடுக்கும்போது இன்னொரு தப்பு செய்தேன். அந்தக் காலத்தில் காலனி ஆட்கள் கையில் யாரும் நேராக வைப்பதில்லை. முந்தானையை ஏந்தச் சொல்லி மேலேயிருந்து போடுவார்கள். நானும் எருமை மேய்த்தவன்தான், ஆனாலும் ஊர் வழக்கம் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டேன். அவர் முந்தானையை விரிக்கவில்லை. பாக்கு சேற்றில் விழுந்தது.

“தூக்கிப் போட்டா கவ்வறதுக்கு நான் இன்னா நாயா? கையில வையி.”

வைத்தேன். அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பாக்கை வாயில் போட்டு, கடக்.

“வாயில போட்டாச்சு. நீ போ. காலைல உன் வரப்புல நிப்பேன்.”

மறுநாள் விடியற்காலையில் ஒரு பெரிய பண்ணைக்காரர் அவர் கூட்டத்துக்கு டிராக்டரையே அனுப்பிவிட்டார். காலை நாஷ்டாவும் தருவதாகச் சொல்லி அனுப்பினாராம். மேஸ்திரியம்மா டிராக்டருக்கு முன்னாலேயே நடந்து வந்து என் களர் நிலத்தில் இறங்கினார். டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். “வாயில இருக்கிறது இவரோட பாக்குடா. இது கரையற வரைக்கும் உன் மொதலாளி காத்துகினு கெடக்கட்டும்” என்று கத்தினார். அந்த நடவில்தான் என் வாழ்க்கை ஆரம்பம். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது அவர்தான் என்று பின்னால் தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் நடவாட்களைத் தெருமுனையில் நின்று கைதட்டிக் கூப்பிடுவார்களாம். இவர் மேஸ்திரியானதும் பாக்கு வைக்காமல் ஒரு அடி வரமாட்டேன் என்றார். பாக்கு வைத்தால்தான் அழைப்பு. வைத்தவர் எதிரிலேயே வாயில் போட்டால்தான் சம்மதம். யாருக்கு முதலில் வாயில் போட்டாரோ அவர் நிலம் முதலில். எவ்வளவு பெரிய மீசையாக இருந்தாலும் அவர் முன்னால் பாக்குத் தட்டோடு நிற்க வேண்டும். நட்டுக்கொண்டிருக்கும்போதே வரப்பில் நாலு பேர் தட்டோடு காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அதிலே ஒரு வினை இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எல்லார் பாக்கையும் அவர் ஒருவர் வாயில்தானே போட்டாக வேண்டும்? பருவம் வந்தால் காலையில் ஏழெட்டு, மாலையில் ஏழெட்டு. “இப்பதான் ஒண்ணு போட்டேன்” என்று சொல்ல முடியாது. சொன்னால், என் பாக்கு மட்டும் வேண்டாமா என்று சண்டை வரும். அவரும் ஆசையாகத்தான் போட்டார். போடாத நேரத்தில் தலை சுற்றுகிறது என்பார். ஆனால் நட்ட வயலில் ஒருநாளும் துப்பமாட்டார். எவ்வளவு தூரமானாலும் சேற்றிலிருந்து ஏறி வெளியே போய்த்தான் துப்புவார். “நெல்லு சாப்பிடறவன் வாயில துப்பின மாரி ஆவும்” என்பார்.

இரண்டாவது ஹல்லர் வாங்கிக் கொஞ்ச காலத்துக்குப் பிறகு, எழுபதுகள் முடிகிற சமயம், அவர் ஆள் மாறினார். முதலில் குழம்பைத் தள்ளினார். என் சம்சாரம் வைக்கிற கருவாட்டுக் குழம்புக்காகவே எங்கள் நிலத்தை முதலில் நட்டுக் கொடுத்தவர், “காரம் நெருப்பா எரியுதும்மா, வெறும் கஞ்சி ஊத்து” என்றார். களி உருண்டையை அப்படியே வாய்க்குள் தள்ளுகிறவர், கிள்ளிக் கிள்ளித் தட்டையாக்கிச் சாப்பிட்டார். பிறகு சத்தம் குறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா?

“மேஸ்திரியம்மாவுக்குத் திமிரு ஏறிப்போச்சு. வாயத் தொறந்து பேசினா முத்து கொட்டிடுமாம்!”

பேசினவர்களில் நானும் உண்டு.

அந்த வருடம் மழை தாமதம். மதகு திறப்பதும் தாமதம். என் நாற்றுக்கு முப்பது நாள் ஆகிவிட்டது. அதற்கு மேல் போனால் தூர் பிடிக்காது, விளைச்சல் குறையும் என்பது நடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரியம்மா மில் பக்கம் வந்தார். நெல் அரைக்க வந்த கூட்டம் நின்றுகொண்டிருந்தது. நான் தட்டை நீட்டினேன். அவர் பாக்கை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டு, பல் திறக்காமலே சொன்னார்:

“வெச்சிட்ட இல்ல? போ. நாளைக்கு வரேன்.”

வாயில் போடவில்லை! வேறு எவன் பாக்கையோ முதலில் வாயில் போட்டுவிட்டு என்னை ஏமாற்றுகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். அத்தனை பேர் எதிரில் கேட்டேன்.

“இன்னா மேஸ்திரியம்மா, மில்லுக்காரன் பாக்கு கசக்குதா? வேற யாரு வூட்டுப் பாக்கு இனிக்குது? சொல்லு, கேப்போம்.”

“வரேன்னு சொன்னா வருவேன்.”

“வாயில போடாத பாக்குக்கு இன்னா கேரண்டி? இத்த நீதான சொல்லிக் குடுத்த?”

ஒருவர் பின்னாலிருந்து சிரித்தார். மேஸ்திரியம்மா என்னைப் பார்த்தார். முதல் நாள் சேற்றில் பாக்கு விழுந்தபோது பார்த்த அதே பார்வை. முந்தானையிலிருந்து பாக்கை எடுத்தார். உதட்டைக் கொஞ்சம் பிரித்து, பக்கவாட்டில் இரண்டு விரலால் நெட்டித் தள்ளினார். உள்ளே போனது. நான் அந்தக் கடக் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. கன்னம் ஒருபக்கம் மேடிட்டு நின்றது, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

“போட்டாச்சு” என்றார். போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஹல்லரைப் போட்டேன்.

மறுநாள் சொன்னபடி வந்தார்கள். நடவு நடந்தது. இருபத்திரண்டு பேர் குனிந்திருக்கிறார்கள், வயலில் சேறு கலங்கும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. மேஸ்திரியம்மா கையைக் காட்டியே வேலை வாங்கினார். மத்தியானம் கஞ்சி கொண்டுபோன என் சம்சாரம் கூடையைத் தடாலென்று என் முன்னால் வைத்தாள்.

“அந்தம்மா வாய்ல ஒரு வெரலுதான் போவுது. தெரியுமா உனக்கு? கஞ்சியக்கூட உறிஞ்சிதான் குடிக்கிறாங்க. பெரிய ஆஸ்பத்திரில டாக்டர் மூணு வெரல உள்ள வுடச் சொன்னாராம், ஒண்ணுக்கு மேல போவலியாம். பாக்குதான் கன்னத்த உள்ளாற கயிறு மாரி கட்டிப் போட்டுகிச்சாம். இனிமே தொட்டா புண்ணு வந்து உசுருக்கே பேஜாராயிடும்னு சொல்லி அனுப்பிகிறாரு. நாப்பது நாளா தொடாம இருந்தவங்க வாயில நேத்து போட வெச்சது யாரு?”

அவள் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் காலனிக்குப் போனேன். சைக்கிளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனேன். அவர் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா மில்லுக்காரரே, பாக்கு கரைஞ்சிதான்னு பாக்க வந்தியா?”

“மேஸ்திரியம்மா, வாய் இப்பிடி கீதுன்னு ஏன் சொல்லல?”

“சொல்லிட்டு?”

“பாக்கு வேணாம்னு சொல்லியிருந்தா வுட்டுருப்பேன் இல்ல?”

அவர் முறத்தைக் கீழே வைத்தார். பல்லுக்குள்ளிருந்து வந்த பேச்சு என்றாலும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“நீ வுட்டுருப்ப. எல்லாரும் வுட்டுருப்பாங்க. அதான் பயம். நான் பாக்கு வேணாம்னு சொன்னா நாளைக்குத் தட்டு வராது. தட்டு வரலன்னா தெருமுனைல நின்னு கை தட்டுவானுங்க. எங்க மாமியாரெல்லாம் கைதட்டுக்கு ஓடினவங்க. என் ஒரு வாய்க்காக இருவத்திரண்டு பேரையும் திரும்ப ஓட வுடறதா?”

பாறையில் தண்ணீர் எடுத்தவன் நான். அந்த வாசலிலும் ஏதாவது வழி தேடித்தான் ஆக வேண்டும். கடைசியில், “பாக்குக்குப் பதிலா வேற ஒண்ணு வெக்கறேன்” என்றேன்.

“நீ வெப்ப. மத்தவன் வெப்பானா?”

“வெக்க வெப்பேன்.”

முதலில் கற்கண்டு வைத்துப் பார்த்தேன். எறும்பு மொய்த்தது. மிச்சத்தை அவர் கூட்டத்துப் பெண்களே வாயில் போட்டு முடித்துவிட்டார்கள். “கரைஞ்சிபோற வாக்கா குடுக்கற?” என்று சிரித்தார் மேஸ்திரியம்மா. எலுமிச்சம்பழம் வைத்தேன், அதைப் பிழிந்து மோரில் விட்டுக் குடித்துவிட்டார்கள். மூன்றாவது தடவை தட்டில் மஞ்சள் கொம்பு இருந்தது. தட்டில் எடுத்து வைத்தது என் சம்சாரம்; அதை நீட்டியது நான். அவர் அதை வாங்கி, முந்தானை நுனியில் வைத்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். அவிழவில்லை.

“இது நல்லா கீதே” என்றார்.

அது பாக்கைவிட நன்றாகவே இருந்தது. வாயில் போட்ட பாக்கு யாருடையது என்று யாருக்குத் தெரியும்? முடிச்சு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நுனியில் இருப்பது முதல் முடிச்சு, முதல் நிலம். அடுத்தது இரண்டாவது. தகராறே இல்லை. ஆனால் ஊர் சும்மா விடுமா? அந்தப் பெரிய பண்ணைக்காரர் மில்லுக்கே வந்து கேட்டார்.

“தாலியறுத்தவ கையில மஞ்சள் வெக்கறியே, உனக்குப் புத்தி கீதா? நெலம் வெளங்குமா?”

அதை நான் யோசிக்கவே இல்லை. மேஸ்திரியம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுநாள் காலையில் பண்ணைக்காரரின் ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என் வயலில் இறங்கினார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் கொம்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈசானி மூலையில் வரப்பு ஓரமாக ஊன்றினார். பிறகுதான் முதல் நாற்று.

“மஞ்சள எனக்கா குடுக்கறாங்க? நெலத்துக்குக் குடுக்கறாங்க. நான் எடுத்துகினு வந்து சேக்கறவ” என்றார், பண்ணைக்காரர் ஆளைப் பார்த்து. “உங்க நெலத்துக்கு வேணாம்னா போய்ச் சொல்லு.”

எவன் தன் நிலத்துக்கு மஞ்சள் வேண்டாம் என்பான்? அந்தப் பருவம் முடிவதற்குள் பண்ணைக்காரரே தட்டோடு வந்து நின்றார். நான்கைந்து வருடத்தில் சுற்று ஊர்களுக்கும் போய்விட்டது. எல்லாத் தட்டும் என் பேச்சைக் கேட்டுத்தான் மாறியது. ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசினது நான். பெட்டிக்கடைக்காரர் மட்டும் சாகும்வரை என்னோடு பேசவில்லை.

வாய் என்ன ஆனது என்று கேட்பீர்கள். டாக்டர் அவரை மெல்லிய மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்துத் தினமும் வாயை அகட்டச் சொல்லியிருந்தார். குச்சிக்கு எங்கே போவார்? மில்லில் வேலை பார்த்த தச்சரைப் பிடித்து நான்தான் இழைத்துக் கொடுத்தேன். முதல் கட்டு வேப்பமரக் குச்சியாகப் போய்விட்டது, ஒரே கசப்பு. “பாக்குதான் போச்சு, குச்சியாவது ருசியா குடுக்கக் கூடாதா?” என்று திட்டி அனுப்பினார். பிறகு மாமரத்தில் கொடுத்தேன். அதன்பிறகு நடவு வயலில் ஒரு புது வேடிக்கை. யாராவது ஒருத்தி வரப்பிலிருந்து கத்துவாள், “மேஸ்திரி, இன்னிக்கு எத்தினி குச்சி?” அவர் விரலைக் காட்டுவார். ஒரு குச்சி கூடினால் கூட்டமே ஓவென்று கூவும். அப்படித்தான் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வந்தது. மூன்றாவது விரல் கடைசிவரை நுழையவில்லை. அந்த மதகடிச் சத்தமும் திரும்பவில்லை. ஒருமுறை இறுகினது முழுசாக இளகாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தாராம். கூட்டத்தில் பாதிப் பேர் அவரைப் பார்த்துப் பாக்கை விட்டார்கள். பாதிப் பேர் மறைவில் போட்டுக்கொண்டார்கள். நான் விட்டுவிட்டேன். என் சம்சாரம் சமையலறையில் வைத்து என் வாயில் மூன்று விரலை விட்டுப் பார்த்த அன்றே விட்டுவிட்டேன்.

மேஸ்திரியம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. வாயால் போகவில்லை, வயதால் போனார். புத்தகத்தைத் திருத்தி மறுபடி அச்சடிக்கும்போது போட அவர் பெயரைச் சொல்லுங்கள் என்று வாத்தியார் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ பருவம் அவர் கையில் பாக்கும் மஞ்சளும் வைத்திருக்கிறேன், ஒருநாளும் பெயரைக் கேட்டதில்லை. மேஸ்திரியம்மா என்றால் ஊருக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். காலனியில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். வாத்தியாரே, கிடைத்தால் முதலில் அதைப் போடுங்கள்.

பிறகு என் பங்கைப் போடுங்கள். கிணற்றுக்கும் மில்லுக்கும் என் பெயர் போட்டது போதும், வேண்டுமானால் அதில் ஒன்றை எடுத்துவிடுங்கள். அந்தத் ‘தொன்றுதொட்டு’ என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள், நான் சொல்கிற வரிசையிலேயே: மேஸ்திரியம்மா வாயில் கடைசிப் பாக்கைப் போட வைத்தவன் இந்த மில்லுக்காரன். அவர் கையில் முதல் மஞ்சள் கொம்பை வைத்தவனும் இவன்தான். ஒன்றை மட்டும் போடுவதாக இருந்தால் இரண்டாவதை விட்டுவிடுங்கள், முதலாவதை விடாதீர்கள்.